பதவி முடிந்தது, பெட்டிகள் யாருக்கு?

அமெரிக்க மாநிலம் ஒன்றில் ஆளுநர் மாறும் நாளில் செய்தியாளர்கள் படம்பிடிப்பது புதியவரின் பதவியேற்பை. பழையவரின் அலுவலகத்திலோ அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வேறொரு வேலை தொடங்கியிருக்கும். அலமாரிகளைக் காலி செய்து, கோப்புகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மேலே எண் எழுதி, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பெட்டிகள் எங்கே போய்ச் சேருகின்றன, அவற்றைத் திறந்து பார்க்க யாருக்கு, எப்போது உரிமை கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். இந்தியாவில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அன்றாட ஆட்சி முதலமைச்சர் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில நிர்வாகத்தின் தலைவர் அவர்தான். மசோதாவில் கையெழுத்திடுவதா மறுப்பதா என்று முடிவெடுப்பது, வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பது, வாரியங்களுக்கு ஆட்களை நியமிப்பது, மரண தண்டனை உள்ள மாநிலங்கள் பலவற்றில் கருணை மனுவைப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. எனவே இந்தக் கோப்புகளை நம் ஊர் ஆளுநர் மாளிகைக் கோப்புகளாக எண்ணாமல், முதலமைச்சர் அலுவலகக் கோப்புகளாக எண்ணிக்கொண்டால் அவற்றின் கனம் புரியும். இன்னொன்றும் உண்டு. கார்ட்டர், ரீகன், கிளின்டன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆகிய நான்கு அதிபர்களும் முன்னாள் ஆளுநர்கள். அதனால் இந்தப் பெட்டிகளுக்காக வரலாற்று ஆய்வாளர்கள் மட்டும் காத்திருப்பதில்லை. எதிர்க்கட்சியின் தேர்தல் பிரிவும் காத்திருக்கிறது.

பெட்டிக்குள் என்ன?

ஆளுநரின் தாள்கள் என்றதும் அவர் கைப்பட எழுதிய கடிதங்களும் அந்தரங்க நாட்குறிப்பும் நம் மனதில் வரும். அவை அரிது. பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஓர் அலுவலகம் ஓடியதன் தடம். சட்ட ஆலோசகரின் குறிப்புகள் இருக்கும். கல்வி, சுகாதாரம், சாலை என்று துறைவாரியாக ஆலோசகர்கள் தயாரித்த சுருக்கங்கள் இருக்கும். பத்திரிகைப் பிரிவின் அறிக்கைகளும், நான்கைந்து முறை திருத்தப்பட்ட உரைகளின் வரைவுகளும், செய்தித்தாள் நறுக்குகளும் இருக்கும். ஆளுநரின் அன்றாட நிகழ்ச்சி நிரல், வாரியப் பதவி கேட்டு வந்தவர்களின் தன்விவரங்கள், ஒவ்வொரு மசோதாவுக்கும் தனித்தனியாகத் திறக்கப்பட்ட கோப்பு, தப்பியோடிய குற்றவாளிகளை மாநிலம் விட்டு மாநிலம் ஒப்படைக்கும் உத்தரவுகள் எல்லாம் இருக்கும். இவை போக, பொதுமக்கள் எழுதிய கடிதங்கள் மலைபோல் குவிந்திருக்கும்.

காப்பகங்களில் வழக்கமாகப் பயன்படும் அட்டைப்பெட்டி ஒரு கன அடி கொள்ளளவு உடையது. சுமார் 2,000 தாள்கள் பிடிக்கும். ஓர் ஆளுநரின் கோப்புகள் ஆயிரம் பெட்டிகளைத் தாண்டுவது அதிசயமல்ல. இருபது லட்சம் தாள்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட எந்தக் காப்பகத்துக்கும் ஆளும் கிடையாது, காசும் கிடையாது. அதனால் தாள்களைக் கோப்பாகவும், கோப்புகளை வரிசையாகவும் விவரிப்பார்கள். ‘சட்ட ஆலோசகர், கருணை மனுக்கள், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, இத்தனை பெட்டிகள்’ என்பது ஒரு வரிசை. இத்தகைய வரிசைகள் அனைத்தையும் சொல்லும் ஆவணத்தை வழிகாட்டிப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். காப்பகத்துக்குள் நுழையும் எவருக்கும் முதலில் தேவைப்படுவது அதுதான்.

காப்பகத்தார் மீறவே விரும்பாத விதி ஒன்று உண்டு. வந்த ஒழுங்கைக் கலைக்கக் கூடாது. ஒரு துறையின் கோப்பு இன்னொரு துறையின் கோப்போடு கலக்கக் கூடாது. ஒரு கோப்புக்குள் தாள்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அப்படியே இருக்க வேண்டும். பொருள்வாரியாகவோ அகர வரிசையிலோ அழகாக மாற்றி அடுக்கினால் படிப்பவருக்கு வசதிதானே என்று தோன்றும். ஆனால் ஒரு தொழிலதிபரின் கடிதம் சுற்றுச்சூழல் ஆலோசகரின் கோப்பில் இருந்ததா, நியமனப் பிரிவின் கோப்பில் இருந்ததா என்பதே ஒரு செய்தி. இடத்தை மாற்றினால் அந்தச் செய்தி அழிந்துவிடும். துருப்பிடிக்கும் கிளிப்புகளைக் கழற்றுவார்கள், அமிலமற்ற உறைகளுக்கு மாற்றுவார்கள், பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே பிரிப்பார்கள். அடுக்கில் மட்டும் கை வைப்பதில்லை.

நீண்ட காலம் அவை சொந்தச் சொத்து

இப்போது சிக்கலான கேள்விக்கு வருவோம். இந்தத் தாள்கள் யாருடையவை? அரசுச் சம்பளம் வாங்கியவர்கள், அரசுக் காகிதத்தில், அரசு வேலைக்காக எழுதியவை. அரசுடையவைதானே என்று கேட்கத் தோன்றும். நெடுங்காலம் நடைமுறை அப்படி இல்லை. அதிபர்களே தம் தாள்களைச் சொந்தச் சொத்தாகக் கருதி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு நிக்ஸன் தம் ஒலிநாடாக்களோடு போய்விடக் கூடாது என்பதற்காக 1974இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. 1978இல் இயற்றப்பட்ட அதிபர் ஆவணச் சட்டம்தான் வெள்ளை மாளிகைத் தாள்கள் நாட்டுக்குச் சொந்தம் என்று பொதுவாக அறிவித்தது. அது 1981 ஜனவரி முதல் பொருந்தியது. அந்தச் சட்டம் ஆளுநர்களைத் தொடாது. அவர்கள் விஷயத்தில் ஒவ்வொரு மாநிலமும் தன் விதியைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும். சில மாநிலங்கள் சீக்கிரம் எழுதின, சில தாமதமாக. சில மாநிலங்கள் ஓட்டை வைத்து எழுதின.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியா நல்ல உதாரணம். ஏர்ல் வாரன் 1943 முதல் 1953 வரை அங்கே ஆளுநர். அவருடைய தாள்கள் தலைநகர் சேக்ரமென்டோவில் உள்ள மாநிலக் காப்பகத்தில் இருக்கின்றன. 1959இல் பதவிக்கு வந்த பேட் பிரவுனின் தாள்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் நூலகத்துக்குப் போயின. அவரைத் தோற்கடித்து 1967இல் வந்த ரொனால்ட் ரீகனின் தாள்கள் முதலில் ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஹூவர் நிறுவனத்துக்கும், பிறகு சிமி வேலியில் அவர் பெயரால் எழுந்த அதிபர் நூலகத்துக்கும் (ஓர் அதிபரின் தாள்களைப் பாதுகாக்கும் இடம்) சென்றன. ரீகனுக்குப் பின் 1975இல் வந்தவர் பேட் பிரவுனின் மகன் ஜெர்ரி பிரவுன். அவருடைய அந்தக் காலத் தாள்கள் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இருந்தன. ஒரே அலுவலகம், ஒரே மேசை. அதன் கால் நூற்றாண்டுக் கதையைப் படிக்க ஆய்வாளர் மாநிலத்தின் வடக்கிலிருந்து தெற்கு வரை அலைய வேண்டியிருந்தது.

1988இல் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. பதவி முடியும்போது ஆளுநரின் பொது ஆவணங்கள் மாநிலக் காப்பகத்துக்குப் போக வேண்டும். ஆனால் உள்ளே ஒரு வாசகத்தையும் சேர்த்தார்கள். குறிப்பிட்ட வகைத் தாள்களை 50 ஆண்டுகள் அல்லது தம் ஆயுட்காலம், இவற்றில் எது நீளமோ அதுவரை மூடி வைக்க ஆளுநர் நிபந்தனை போடலாம். தாள்கள் அரசுக்கு, பூட்டு ஆளுநருக்கு என்பதுதான் அந்த ஏற்பாடு. இது தாராளம் அதிகமான பேரம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு பக்க வாதமும் உண்டு. இந்த அளவு உறுதிகூட இல்லையென்றால் ஆளுநர்கள் எதையும் எழுத்தில் வைக்கமாட்டார்கள், காப்பகத்துக்கு வெறும் வாழ்த்து அட்டைகள்தான் வந்துசேரும் என்று காப்பகத் துறையினர் பலர் சொல்வார்கள். அதையும் தள்ளிவிட முடியாது.

டெக்சாஸில் நடந்தது

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1995 ஜனவரியில் டெக்சாஸ் ஆளுநரானார். 2000 டிசம்பரில், அதிபர் பதவிக்குப் போவதற்காக விலகினார். டெக்சாஸ் சட்டப்படி ஆளுநரின் கோப்புகள் ஆஸ்டினில் உள்ள மாநில நூலகம் மற்றும் காப்பக ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆனால் 1997இல், புஷ் ஆளுநராக இருந்தபோதே, சட்டத்தில் ஒரு வழி திறக்கப்பட்டது. ஆணையத்தோடு கலந்துபேசி, மாநிலத்துக்குள் வேறொரு நிறுவனத்தையும் ஆளுநர் தேர்ந்தெடுக்கலாம். புஷ் தேர்ந்தெடுத்தது காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் உள்ள அதிபர் நூலகத்தை. அது அவருடைய தந்தையின் பெயரில் உள்ள நூலகம். ஏறக்குறைய 2,000 பெட்டிகள் அங்கே போய் இறங்கின.

மேலோட்டமாகப் பார்த்தால் தவறில்லை. நூலகம் டெக்சாஸில்தான் இருக்கிறது, பெட்டிகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதிபர் நூலகங்களை நடத்துவது மத்திய அரசின் தேசிய ஆவணக் காப்பகம். அங்கே பொருந்துவது மத்திய அரசின் விதிகள். டெக்சாஸின் தகவல் சட்டமோ நாட்டிலேயே கண்டிப்பானவற்றில் ஒன்று. கேட்டால் பத்து வேலை நாட்களுக்குள் தர வேண்டும் அல்லது தர மறுக்க மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டும். பெட்டிகள் இடம் மாறியதும் அந்தக் கடிகாரம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்ற கேள்வி எழுந்தது. மாநிலக் காப்பகத்தார் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். அந்தச் சமயம் பார்த்து, 2001 டிசம்பரில், ஹூஸ்டனைச் சேர்ந்த என்ரான் எரிசக்தி நிறுவனம் திவாலானது. அதன் தலைவர் கென்னத் லேக்கும் ஆளுநர் புஷ்ஷுக்கும் இடையே என்ன கடிதப் போக்குவரத்து நடந்தது என்று அறிய நாடே ஆவலாக இருந்தது. வெளிவந்த கடிதங்களில் ஒன்று 1997இல் எழுதியது: லேயின் 55ஆம் பிறந்தநாளுக்கு, பழைய நண்பர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறதே என்ற கேலியோடு ஆளுநர் அனுப்பிய வாழ்த்து. சட்டப்படி அதில் ஒன்றும் இல்லை. அரசியலில் அது பேசவேண்டியதைப் பேசிவிட்டது.

2002இல் டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் ஜான் கார்னின் தம் கருத்தை அளித்தார். அவர் புஷ்ஷின் கட்சிக்காரர், அதே ஆண்டு செனட் தேர்தலில் நின்று வென்றவர். பெட்டிகள் எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் அவை டெக்சாஸ் மாநிலத்தின் ஆவணங்கள்தான், மாநிலத் தகவல் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும் என்பது அதன் சாரம். அதன் பிறகு பெட்டிகளை ஒழுங்குபடுத்தும் பணி ஆஸ்டினில் மாநிலக் காப்பகத்தாரின் கைக்கு வந்தது.

இதனால் என்ன பெரிய லாபம் என்று கேட்பவருக்கு ஒரு கோப்பு வரிசையைக் காட்டலாம். புஷ் ஆளுநராக இருந்த காலத்தில் டெக்சாஸில் 152 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1995 முதல் 1997 வரை ஆளுநரின் தலைமைச் சட்ட ஆலோசகராக இருந்தவர் ஆல்பர்ட்டோ கொன்ஸாலெஸ். பின்னாளில் நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனவர். தண்டனை நிறைவேற்ற வேண்டிய ஒவ்வொரு வழக்கையும் பற்றி ஆளுநருக்காக அவர் ஒரு சுருக்கக் குறிப்பு எழுதினார். பொதுவாகத் தண்டனை நாளன்று காலையில்தான் அது ஆளுநர் முன் வைக்கப்பட்டது. அப்படிப்பட்ட 57 குறிப்புகளை ஒரு பத்திரிகையாளர் டெக்சாஸ் தகவல் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்றார். 2003இல் வெளியான அவருடைய கட்டுரை அந்தக் குறிப்புகளை வழக்குப் பதிவுகளோடு ஒப்பிட்டது. குற்றத்தின் கொடூரம் விரிவாகச் சொல்லப்பட்டிருந்தது. வழக்கறிஞரின் கோளாறு, கைதியின் மனநிலைக் குறைபாடு, நிரபராதி என்பதற்கான தடயம் போன்றவை பல குறிப்புகளில் சுருங்கியோ விடுபட்டோ போயிருந்தன என்று அது வாதிட்டது.

நியாயமாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். டெக்சாஸ் அரசியலமைப்பின்படி, மன்னிப்பு வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் ஆளுநர் தண்டனையைக் குறைக்க முடியாது. தம் விருப்பில் ஒரே ஒருமுறை 30 நாள் ஒத்திவைக்கத்தான் முடியும். ஆகவே குறிப்பு நீளமாக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது தனி விவாதம். ஆனால் முடிவெடுக்க உட்கார்ந்தவர் கண்முன் என்ன இருந்தது என்பதை அந்தத் தாள்கள் இல்லாமல் யாராலும் சொல்லியிருக்க முடியாது. எந்த உரையிலும் அது இல்லை, எந்தப் பேட்டியிலும் இல்லை. அலுவலக எழுத்தர் ஒருவர் வழக்கப்படி கோப்பில் சேர்த்துவைத்த சில பக்கத் தாளில்தான் இருந்தது. ஆளுநரின் தாள்களில் நான் மிக மதிப்பவை இப்படிப்பட்ட சலிப்பூட்டும் வரிசைகளைத்தான். புகழ்பெற்றவர்களின் கடிதக் கோப்பைத் தேடி ஓடுபவர்கள் பெரும்பாலும் கையெழுத்தோடுதான் திரும்புகிறார்கள்.

பெட்டிக்கு வராதவை

வெர்மான்ட் ஆளுநராக 1991 முதல் 2003 ஜனவரி வரை இருந்த ஹோவர்ட் டீன் தம் தாள்களில் ஒரு பெரும்பகுதியைப் பத்தாண்டுகளுக்கு மூடி வைக்க ஏற்பாடு செய்தார். முந்தைய ஆளுநர்களுக்கு வாய்த்ததைவிட நீளமான காலம் அது. எதிர்கால அரசியல் முயற்சியின் நடுவே சங்கடமான எதுவும் வெளிவர வேண்டாம் என்பதே காரணம் என்று உள்ளூர் வானொலியில் ஒளிக்காமல் சொல்லியும்விட்டார். அடுத்த ஆண்டு அதிபர் வேட்பாளர் போட்டியில் அந்தப் பேச்சே அவரைத் துரத்தியது. மறைத்தது என்ன என்பதை யாரும் பார்க்கவில்லை. மறைத்தார் என்பதே போதுமானதாக இருந்தது.

கணினி வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த மிட் ராம்னி நூற்றுக்கணக்கான காகிதப் பெட்டிகளைக் காப்பகத்துக்கு அனுப்பினார். ஆனால் 2006இன் இறுதியில் அவருடைய உதவியாளர்கள் 11 பேர், தாங்கள் பயன்படுத்திய அரசுக் கணினிகளின் 17 வன்தட்டுகளை ஒவ்வொன்றும் 65 டாலர் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மின்னஞ்சல்களும் சேவையகத்திலிருந்து நீக்கப்பட்டன. 2011இல்தான் இது வெளியே தெரிந்தது. சட்டத்தை மீறவில்லை என்று ராம்னி தரப்பு சொன்னது. அந்த மாநிலத்தில் தகவல் சட்டம் ஆளுநர் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தாது என்று 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை வைத்து வாதிடும் வழக்கம் இருந்ததால், அந்த விளக்கத்தை எளிதில் உடைக்கவும் முடியவில்லை. ஆர்கன்ஸாவில் மைக் ஹக்கபி 2007இல் பதவியை விட்டு இறங்கியபோது ஆளுநர் அலுவலகக் கணினிகளின் வன்தட்டுகள் நொறுக்கப்பட்டன. தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கவே அப்படிச் செய்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். நொறுக்கிய பிறகு அந்தக் காரணத்தைச் சரிபார்க்க வழியில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. காப்பகத்துக்குக் காவல்துறை அதிகாரம் கிடையாது. எது அலுவல் ஆவணம், எது சொந்தக் கடிதம் என்று முதல் சல்லடை போடுபவர்கள் ஆளுநரின் ஆட்களே. அதுவும் பதவி முடியும் கடைசி வாரங்களில், அடுத்த வேலை தேடும் அவசரத்தில். சட்டம் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் அந்தச் சில வாரங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. நல்ல காப்பகங்கள் இதை உணர்ந்து, பதவியின் முதல் ஆண்டிலேயே ஆளுநர் அலுவலகத்துக்குப் போய் எதை எப்படிச் சேர்த்துவைக்க வேண்டும் என்று பயிற்சி அளிக்கின்றன.

பதின்மூன்று லட்சம் மின்னஞ்சல்கள்

வர்ஜீனியாவில் இந்தப் பழக்கம் பழையது. மாநிலத்தின் முதல் ஆளுநர் பேட்ரிக் ஹென்றி 1776இல் பதவியேற்றதிலிருந்து நிர்வாகத் தாள்கள் என்ற வரிசை தொடங்குகிறது. நடுவில் ஓட்டைகள் உண்டு. 1781 ஜனவரியில், தாமஸ் ஜெஃபர்சன் ஆளுநராக இருந்தபோது, அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்த பெனடிக்ட் ஆர்னால்டின் படை தலைநகர் ரிச்மண்டைத் தாக்கியதில் அரசுத் தாள்களில் ஒரு பகுதி அழிந்தது. 1865இல் உள்நாட்டுப் போரின் முடிவில் நகரம் எரிந்தபோது இன்னும் கொஞ்சம் போயிற்று. எஞ்சியவை 1823இல் நிறுவப்பட்ட வர்ஜீனியா நூலகத்தில் இருக்கின்றன. பதவி முடிவதற்குள் ஆளுநர் தம் அலுவல் ஆவணங்களை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வர்ஜீனியாவில் ஆளுநர் அடுத்தடுத்து இரண்டு முறை பதவி வகிக்க முடியாது. எனவே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் பெட்டிகள் வரும்.

2010 ஜனவரியில் டிம் கெய்ன் பதவியிலிருந்து இறங்கியபோது பெட்டிகளோடு சுமார் 13 லட்சம் மின்னஞ்சல்களும் வந்தன. காகிதம் என்றால் வரிசையாகப் பிரித்து, பெட்டியை மேசைமேல் வைத்துவிடலாம். மின்னஞ்சலில் அது நடக்காது. ஒருவரின் அஞ்சல்பெட்டிக்குள் மசோதாவைப் பற்றிய விவாதம், மதிய உணவுக்கு எங்கே போகலாம் என்ற கேள்வி, விளம்பரக் குப்பை, ஊழியர் ஒருவரின் மருத்துவ விடுப்புக் கடிதம், வழக்கறிஞரின் ரகசிய ஆலோசனை எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். நூலகத்தார் அவற்றை மூன்றாகப் பிரித்தார்கள்: அலுவல் ஆவணம், ஆவணமே அல்லாதது, ஆவணம்தான் ஆனால் இப்போது காட்டக் கூடாதது. இந்தப் பிரிப்புக்கே நான்கு ஆண்டுகள் ஆயின. 2014 ஜனவரியில் ஆளுநர் அலுவலகத்தின் சுமார் 66,000 மின்னஞ்சல்கள் இணையத்தில் முதல் தவணையாக வெளியாயின. ஒரு மாநில ஆளுநர் நிர்வாகத்தின் மின்னஞ்சல்களை ஒரு காப்பகம் இப்படி எல்லோருக்கும் இணையத்தில் திறந்து வைத்தது அதுவே முதல்முறை என்று நூலகம் அறிவித்தது. பிறகு மேலும் தவணைகள் வந்தன.

கெய்ன் காலத்தின் மிகக் கொடிய நாள் 2007 ஏப்ரல் 16. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 32 பேரைச் சுட்டுக்கொன்ற நாள். ஆளுநர் அப்போது வர்த்தகப் பயணமாக டோக்கியோவில் இருந்தார். செய்தி கேட்டதும் திரும்பினார். அடுத்த இரண்டு வாரங்களுக்குள், மனநலக் காரணத்துக்காக நீதிமன்றம் சிகிச்சைக்கு உத்தரவிட்டவர்கள் துப்பாக்கி வாங்குவதைத் தடுக்கும் நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். இத்தகைய நாட்களில் ஓர் அலுவலகம் மணிக்கு மணி எப்படித் தடுமாறி நிதானிக்கிறது என்பதை மின்னஞ்சல் காட்டும் அளவுக்குக் காகிதக் கோப்பு காட்டாது. காகிதத்தில் முடிவு இருக்கும். மின்னஞ்சலில் முடிவுக்கு முந்தைய ஐந்து நிமிடங்கள் இருக்கும். 2016இல் கெய்ன் துணை அதிபர் வேட்பாளர் ஆனபோது செய்தியாளர்கள் இந்தத் தொகுப்புக்குள் புகுந்தார்கள். ஆனால் அவை இரண்டு ஆண்டுகளாகவே திறந்து கிடந்தவை.

அலாஸ்காவில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சாரா பேலின் ஆளுநராக இருந்தபோதைய மின்னஞ்சல்களைச் செய்தி நிறுவனங்கள் 2008இல் கேட்டன. 2011 ஜூனில் மாநில அரசு அவற்றைக் கொடுத்தது, 24,000க்கும் மேற்பட்ட பக்கங்களாக அச்சடித்து! மின்னஞ்சலைத் தாளில் அச்சிட்டு, மறைக்க வேண்டிய வரிகளை மறைத்து, பெட்டிகளில் கட்டி மாநிலத் தலைநகர் ஜூனோவில் கொடுத்தார்கள். செய்தியாளர்கள் விமானம் ஏறிப்போய் வாங்கி, மறுபடி கணினிக்குள் ஏற்றினார்கள். சில அலுவல்கள் ஆளுநரின் சொந்த யாஹூ கணக்கில் நடந்தன என்பதும் முன்பே தெரிந்திருந்தது. அரசு முகவரியை மட்டும் காப்பகம் வாங்கினால் போதாது என்பதைப் பல மாநிலங்கள் அப்போதுதான் உணர்ந்தன.

மறைக்கப்படும் வரிகளில் எல்லாமே சூழ்ச்சி அல்ல. மகனின் மருத்துவச் செலவுக்கு வழியில்லை என்று ஆளுநருக்கு எழுதிய தாய், தம் கடிதம் பொதுப் பார்வைக்குப் போகும் என்று நினைத்து எழுதியிருக்கமாட்டார். சிறையில் இருக்கும் தம்பிக்காக மன்றாடியவரும் அப்படித்தான். பொதுமக்கள் கடிதங்களில் பெயரையும் முகவரியையும் நோயையும் மறைப்பது நியாயம். ஆனால் அதே கருப்பு மை ஓர் ஒப்பந்ததாரரின் பெயர்மீது விழுந்தால் காரணம் கேட்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் மறைத்தவர் எந்தச் சட்டப் பிரிவின்கீழ் மறைத்தார் என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

படிக்கத் தொடங்குபவருக்கு

இத்தகைய தொகுப்பு ஒன்றைத் திறப்பவர் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுவதோடு ஆரம்பிக்காமல் வழிகாட்டிப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது. எந்த வரிசை இருக்கிறது என்பதோடு எது இல்லை என்பதும் அதில் தெரியும். நியமனப் பிரிவின் கோப்பு ஐந்து ஆண்டுகளுக்கு இருந்து ஆறாம் ஆண்டுக்கு இல்லையென்றால் அது குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். அடுத்து ஆளுநரின் நிகழ்ச்சி நிரல். யார் எந்தத் தேதியில் வந்து பார்த்தார்கள் என்று தெரிந்தபின், அந்தத் தேதியை வைத்து மசோதாக் கோப்பைத் திறந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். ஆளுநர் கோப்பில் இல்லாத கடிதத்தின் மறுபிரதி, அனுப்பிய துறையின் கோப்பில் கிடைப்பதும் உண்டு. வன்தட்டை நொறுக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எடுத்த குறிப்புகளில் பெட்டி எண்ணும் கோப்பின் பெயரும் எழுதாவிட்டால் மறுபடி அந்தத் தாளைக் கண்டுபிடிக்க முடியாது. ‘ஒழுங்குபடுத்தப்படாதது’ என்று போட்டிருக்கும் பெட்டிகளையும் கேட்டுப் பார்க்கலாம். எழுதிக் கேட்டால் பல காப்பகங்கள் முன்னதாகப் பரிசீலித்துத் தருகின்றன.

வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான தடை உண்டு. வர்ஜீனியாவின் தகவல் சட்டம் அம்மாநிலக் குடிமக்களுக்கும், அங்கே செயல்படும் செய்தி நிறுவனங்களுக்கும் மட்டுமே உரியது. பக்கத்து மாநில அமெரிக்கர்கூடக் கேட்க முடியாது. இது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2013 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒன்பது மாதம் கழித்து, அதே மாநிலத்தின் நூலகம் கெய்ன் மின்னஞ்சல்களை இணையத்தில் போட்டது. அதைப் படிக்க எந்த ஊர்க் குடியுரிமையும் கேட்கப்படவில்லை. திருநெல்வேலியில் இருப்பவரும் திறந்து படிக்கலாம்.